இங்கே ஏழு, அங்கே நாலு

சோதனையக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் இரண்டாவது மாடியில் ‘சோதனை மேசை’ என்று எழுதிய பலகைக்குக் கீழே இருபத்தேழு வருடமாக உட்கார்ந்திருப்பதால் வந்த பட்டப்பெயர் என்பது அவள் கட்சி. அவளிடம் வேலை பழகியவர்களின் கட்சி வேறு. எப்படியோ, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, ஆனால் ஒப்புக்கொள்ளமாட்டாள். எதையுமே ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவளிடம் இல்லை.

அவள் கவனித்துவந்தவை டிஜிட்டல் லைன்கள். பார்ப்பதற்கு அதே பழைய செம்புக் கம்பிதான், ஆனால் குணம் வேறு. பழைய கம்பியில் ரிசீவரை எடுத்தோமா, பேசினோமா என்று காரியம் முடிந்துவிடும். டிஜிட்டல் லைனுக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் ஒரு கார்டு, வாடிக்கையாளர் வீட்டில் ஒரு பெட்டி. ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் இரண்டும் ஒன்றையொன்று தட்டி எழுப்பி, எதிரே இருப்பது யார் என்று பார்த்து, தாளம் சேர்த்துக்கொண்டு, பிறகுதான் வாயைத் திறக்கும். இதற்கு எட்டு நிலைகள். எந்த லைன் எந்த நிலையில் இருக்கிறது என்பது அக்காவின் திரையில் எண்ணாகத் தெரியும். ஏழு என்றால் உயிரோட்டம், அப்போது கார்டில் பச்சை விளக்கும் எரியும். மற்றதெல்லாம் ஏழுக்கு வருகிற வழியில் படும் பாடு, அல்லது ஏழிலிருந்து விழுந்த கதை.

இருபத்தேழு வருடம் எண்களையே பார்த்த கண்ணுக்கு மனிதர்களும் எண்களாகத்தான் தெரிந்தார்கள். அதிகாரிகள் கூட்டம் என்றால் ஐந்து. ஐந்தாம் நிலையில் ஏதோ சத்தம் வந்துகொண்டே இருக்கும், இன்னதென்று மட்டும் புரியாது. எட்டு என்பது எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போதே பிடி நழுவிப் போவது. பதவி உயர்வு கிடைத்தவர்களில் பாதிப்பேர் அந்த வகை என்பது அவள் அனுபவம். நாலைப் பற்றி மட்டும் அவள் கிண்டல் செய்யமாட்டாள். நாலாம் நிலை என்றால் கூப்பிட்டாயிற்று, பதில் வரவில்லை, காத்திருக்கிறது என்று பொருள். “பாவம், நாலு” என்பாள். அவள் வாயிலிருந்து பாவம் என்ற சொல் வேறு யாருக்காகவும் வந்ததாகத் தகவல் இல்லை.

அவள் வீட்டுக்காரர் பிறவி மூன்று. மூன்றாம் நிலை என்பது தூக்கம். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாள் முழுக்கக் கண்ணாடிச் சில்லைச் சாணையில் தேய்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்டால் இரண்டாம் தடவை “ம்” என்பார். அந்த ஒரு எழுத்தை வைத்து அவர்கள் இருபத்து மூன்று வருடம் குடித்தனம் நடத்தி, ஒரு மகளை வளர்த்து, வெளியூரில் கட்டிக் கொடுத்தும்விட்டார்கள். தூங்குகிற லைனைக் குறைசொல்லக் கூடாது, கூப்பிட்டால் எழுந்திருக்கும் என்று அக்கா பெருமையாகவே சொல்வாள். எத்தனை தடவை கூப்பிட வேண்டும் என்பதைச் சொல்லமாட்டாள்.

இந்தக் கதைக்கு இன்னும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும், அதுதான் லூப். ஒரு கார்டு நல்ல கார்டுதானா என்று பார்க்க அதன் முகப்பில் நகக்கண் அளவில் ஒரு சொருகியைச் சொருகுவார்கள். சொருகிவிட்டால் எக்ஸ்சேஞ்ச் அனுப்புவது வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகாது, கார்டிலிருந்தே வளைந்து எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பிவிடும். எக்ஸ்சேஞ்ச் தன் குரலையே கேட்டு, ஆகா, பதில் வந்துவிட்டது என்று பூரித்துப்போய் ஏழு என்று காட்டும். பச்சை விளக்கும் எரியும். அந்தப் பக்கத்து ஆள் செத்தாரா பிழைத்தாரா என்பது யாருக்கும் தெரியாது. ஆகையால் லூப்பை மறந்துவிட்டுப் போவதைவிடப் பெரிய பாவம் அந்தத் தொழிலில் இல்லை. அதற்காக ஒரு விதி இருந்தது. லூப் போட்ட கார்டில் ஒரு சிவப்பு நாடா கட்ட வேண்டும், அதன் ஜோடி நாடா, லூப் போட்டவர் பையில் இருக்க வேண்டும், பையில் நாடாவோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்தவளே அக்காதான். ஒருமுறை மறந்துபோன ஒருவனை, பேருந்திலிருந்து இறக்கித் திரும்ப நடக்கவைத்தவள் அவள்.

இனி தங்கை. அக்காவைவிட ஒன்பது வயது இளையவள், தனியாக இருந்தாள், வானொலியில் காலை எட்டு மணிச் செய்தி வாசிப்பவள். நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே ஒரு டிஜிட்டல் லைன், ஒரு மெஷின், ஒரு மைக். அந்த லைனைக் கேட்டு வாங்கி, கம்பி இழுத்துக் கொடுத்தது அக்கா. துணி அலமாரியைக் காலிசெய்து, நாலு பக்கமும் பழைய மெத்தைவிரிப்பை ஆணியடித்துத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு முக்காலி போட்டு ஒலிப்பதிவு அறை என்று பெயர் வைத்ததும் அக்காதான். மெஷினின் முகத்தில் தெரியும் எண்களுக்கு என்ன அர்த்தம் என்று தங்கையை உட்காரவைத்து மனப்பாடம் செய்யவைத்தாள். ஏழு வந்தால்தான் பேசு, அதற்கு முன் பேசினால் சுவரோடு பேசுகிற மாதிரி என்றாள்.

தங்கை முதல் செய்தியை வாசித்துவிட்டு, மூச்சு வாங்க அக்காவுக்கு ஃபோன் செய்தாள். எப்படி இருந்தது என்று கேட்டாள். லைனில் துளி இரைச்சல் இல்லை, ரொம்ப சுத்தம் என்றாள் அக்கா. லைனைக் கேட்கவில்லை, நான் எப்படி வாசித்தேன் என்றாள் தங்கை. அங்கேயாவது நம்மவள் நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதல்ல.

“வாசிக்கறதுக்கு என்ன, எழுதிக் குடுத்ததைத்தானே வாசிக்கற” என்றாள்.

அந்தப் பக்கம் ரிசீவரை வைத்துவிட்டார்கள். அதோடு நாலு வருடம் ஆயிற்று.

அக்காவுக்கு அன்றே தெரியும், சொன்னது தப்பென்று. ஒரு தடவை போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றால் முடிந்துபோகிற விஷயம். ஆனால் அவள் குணத்தைத்தான் முதலிலேயே சொன்னோமே. முதல் மாதம் தங்கை பேசட்டும் என்று இருந்தாள். இரண்டாம் மாதம் இத்தனை நாள் கழித்து எப்படிப் போவது என்று இருந்தாள். பிறகு அதுவே பழகிவிட்டது.

ஆனால் ஒன்று. தங்கையின் லைன் அவள் திரையில் இருந்தது. அந்த மெஷின் பழைய ரகம், பேச்சு இல்லாதபோது தூங்கிவிடும். காலையில் அக்கா ஏழரைக்கு வந்து பையை மாட்டிவிட்டு உட்காரும்போது அந்த எண்ணுக்கு நேரே மூன்று இருக்கும். ஏழே முக்காலுக்கு அது மெல்ல அசையும். நாலு, ஐந்து, ஆறு, ஏழு. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் காரியம், அக்காவுக்கு மட்டும் அது படிப்படியாகத் தெரியும். எழுந்துவிட்டாள், பல் விளக்கிவிட்டாள், முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மணிச் செய்திக்கு எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போட்டால் போதும், பயந்தாங்கொள்ளி, அப்போதிலிருந்தே இப்படித்தான் என்று முணுமுணுத்துவிட்டு டீ குடிக்கப் போவாள். ஞாயிற்றுக்கிழமை வேலையை யாரும் கேட்காமலே தன் தலையில் போட்டுக்கொண்டதும் இதற்காகத்தான். ஞாயிறுகளிலும் தவறாமல் ஏழே முக்காலுக்கு அந்த லைன் எழுந்தது. இந்த வானொலிக்காரர்கள் ஒரு நாள்கூட அவளை விடமாட்டார்களா என்று அக்கா எரிச்சல் பட்டுக்கொள்வாள். தங்கையோடு அவளுக்கு மிச்சமிருந்த உறவு அந்த ஒரு எண்தான். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அப்படியிருக்கும்போது புது அதிகாரி வந்துசேர்ந்தார். தலைமை அலுவலகத்தில் உட்காருகிறவர், நல்ல சட்டை, நல்ல பேனா, தொழில் மட்டும் தெரியாது. வந்த வாரமே ஒரு சுற்றறிக்கை விட்டார். பச்சை விளக்கு எரியாத இணைப்புகள் செத்த இணைப்புகள், புதன்கிழமை பத்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பேன், எரியாத கார்டுகளில் சாக்கட்டியால் குறி போடுவேன், வெள்ளிக்கிழமைக்குள் அவற்றை வெட்டி அகற்ற வேண்டும். அந்த எக்ஸ்சேஞ்சில் அறுநூற்று நாற்பது டிஜிட்டல் லைன். பெரும்பாலானவை எப்போதும் விழித்தே கிடக்கும் புது ரகம். தூங்குகிற பழைய ரகம் பதிமூன்று. அதில் ஒன்று தங்கையுடையது.

அக்கா கீழே இறங்கிப் போய் அதிகாரியின் காரை மறிக்காத குறையாக நிறுத்தி விளக்கினாள். அவை சாகவில்லை, தூங்குகின்றன, யாராவது கூப்பிட்டால் எழுந்துவிடும், மூன்றாம் நிலை என்பது நோயல்ல. யார் யாருடைய லைன் என்று வேண்டுமானால் பட்டியல் தருகிறேன் என்றாள்.

“நம்பர் போதும்மா, கதை வேணாம்” என்றார் அதிகாரி. “தூங்கறதுக்கும் செத்ததுக்கும் வெளியிலேருந்து பாத்தா என்ன வித்தியாசம்? எனக்கு விளக்கு எரியணும், அவ்வளவுதான்.”

கார் போய்விட்டது. எட்டு, என்று சொல்லிவிட்டு அக்கா மாடி ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு கார்டுகள் இருந்த அறைக்குப் போனாள். ஆளுயர இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும் அறை, எப்போதும் குளிர், எப்போதும் ஒரே சீரான விசிறிச் சத்தம். மேசை இழுப்பறையிலிருந்து கொண்டுவந்த சொருகியைத் தங்கையின் கார்டில் சொருகினாள். விளக்கு எரிந்தது. அதிகாரிக்கு விளக்குதானே வேண்டும், இந்தா விளக்கு. சிவப்பு நாடாவைக் கட்டவில்லை. கட்டினால் அந்த அதிகாரிக்கும்கூட என்ன இது என்று கேட்கத் தோன்றும்.

அறைக் கதவு வரை போனவளுக்கு மனசு உறுத்தியது. தங்கைக்கு மட்டும் செய்தால் அது திருட்டுத்தனம், எல்லாருக்கும் செய்தால் பொதுச் சேவை. திரும்பிப் போய், பாக்கிப் பன்னிரண்டு கார்டு எண்களையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக லூப் போட்டாள். தங்கையின் எண்ணைச் சீட்டில் எழுதவில்லை. கூடப் பிறந்தவளை எழுதிவைத்தா ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்?

மறுநாள் காலை லூப் இருந்ததால் ஏழே முக்காலுக்கு எண் அசையவில்லை, ராத்திரியிலிருந்தே ஏழு. அன்று ஒரு நாள் செய்திக்கு இடைஞ்சல்தான், ஒரேயடியாகப் போவதற்கு இது தேவலை என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கையில் சாக்கட்டி. அறுநூற்று நாற்பது பச்சை விளக்குகளையும் கல்யாண வீட்டு அலங்காரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நடந்தார். சாக்கட்டியை அப்படியே திரும்பக் கொண்டுபோனார். பார்த்தீர்களா, ஒரு சுற்றறிக்கையிலேயே எல்லாம் உயிர் பிழைத்துவிட்டது என்று வாசலில் யாரிடமோ சொன்னாராம்.

அவர் தலை மறைந்ததும் அக்கா சீட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். ஒன்று, இரண்டு என்று சொருகியைப் பிடுங்கப் பிடுங்க ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள். பன்னிரண்டு கோடு. சீட்டைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். காரியம் கச்சிதமாக முடிந்துவிட்ட திருப்தியில் அன்று இரண்டு டீ குடித்தாள்.

வியாழக்கிழமை ஏழரைக்கு வந்தபோதே தங்கையின் லைன் ஏழில் இருந்தது. நேற்று கெட்டுப்போனதால் இன்றைக்குச் சீக்கிரமே போட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள், சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷமாகக்கூட இருந்தாள். எட்டு மணிக்குப் பக்கத்துப் புகார் மேசையில் வானொலி பாடியது. அந்த மேசைக்காரர் பட்டப்பெயர் ‘வருந்துகிறோம்’. எந்தப் புகாருக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் முதலில் சொல்வார். அவர் வானொலிப்பெட்டியை வார நாளில் வைத்துக் கேட்பார், சனிக்கிழமை இழுப்பறையில் வைத்துப் பூட்டினால் திங்கட்கிழமைதான் எடுப்பார். அக்கா தலையைத் திருப்பாமல் கேட்பாள். அன்றைக்குச் செய்தி வாசித்தது ஜலதோஷம் பிடித்த ஒரு ஆண் குரல். அக்கா திரையைப் பார்த்தாள். ஏழு. இவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்க, அந்த வானொலிக்காரர்கள் வேறு ஒருவனைக் கூப்பிட்டு வாசிக்கவைக்கிறார்கள் என்று அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

வெள்ளிக்கிழமையும் அதே ஜலதோஷம். லைன் அதே ஏழு. ராத்திரி முழுக்க அது தூங்கவே இல்லை என்று பதிவு சொன்னது. பேச்சில்லாமல் ஒரு லைன் விழித்தே இருந்தால் முதலில் லூப்பைப் பார் என்று இருபத்தேழு வருடமாக ஊருக்கே பாடம் எடுத்தவள் அவள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, அவளுக்கு மட்டும் அது தோன்றவில்லை. மெஷினைப் போட்டவள் போட்டபடி மயங்கி விழுந்து கிடக்கிறாளோ என்றுதான் தோன்றியது. தனியாக இருக்கிறவள். கேட்க நாதியில்லை. அன்று பூரா அக்கா டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஃபோன் செய்து பார்க்கலாம்தான். நாலு வருட வீம்பு விரலைப் பிடித்து இழுத்தது. அந்த விரலை ஒடித்தாலும் தகும்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. வீட்டுக்காரர் யாரும் கேட்காமலே வாயைத் திறந்தார்.

“உன் தங்கச்சிக்கு மூணு நாளா லைனே கிடைக்கல” என்றார்.

அக்கா கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவர் மூன்றாம் நிலைக்குப் போய்விட்டார். நாளை காலை மாற்றாளை உட்காரவைத்துவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போகிறேன் என்று அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள். “ம்” என்று பதில் வந்தது, அதிசயமாக முதல் தடவையிலேயே.

அவள் போக வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை எட்டே கால் மணிக்குக் கீழ்த்தளத்துப் புகார் மேசையில் சத்தம் கேட்டது. சனிக்கிழமையானால் வருந்துகிறோம் கீழே பொதுமக்கள் கவுன்டரில் உட்காருவார். அக்கா படியிறங்கி வந்தபோது கவுன்டருக்கு இந்தப் பக்கம் அவரும் புது அதிகாரியும் நின்றார்கள். வானொலி நிலையத்திலிருந்து மேலிடத்துக்கு யாரோ புகார் சொல்லி, மேலிடம் அதிகாரியை ஒரு பிடி பிடித்து அனுப்பியிருந்தது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு துணிப்பையைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு தங்கை நின்றாள். பைக்குள் மெஷின். நாலு வருடத்தில் காதோரம் நரைத்திருந்தது. உயிரோடு இருந்தாள். அக்கா பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

வருந்துகிறோம் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். வருந்துகிறோம், ஆனால் எங்கள் பக்கம் கோளாறே இல்லை. நீங்கள் பக்கத்து வீட்டிலிருந்து மூன்று நாளில் ஆறு தடவை சொன்னீர்கள், ஆறு தடவையும் பார்த்தேன், ஏழு, சுத்தமான ஏழு. ஏழு என்றால் உங்கள் மெஷின்தான் கெட்டிருக்க வேண்டும். இந்தப் பதிலை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அக்காவேதான். ஏழு காட்டினால் நம் மேல் தப்பில்லை, புகாரை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார் என்று எழுதியே கொடுத்திருந்தாள். அதிகாரியும் தலையாட்டினார். பச்சை எரிவதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார்.

“திங்கக்கிழமையும் லைன் இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கறோம்னு சொல்லிட்டாங்க” என்றாள் தங்கை. வானொலியில் கேட்கும் அதே அடங்கிய குரல். “என் மெஷின் கெடல. மூணு நாளா நாலு காட்டுது. நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், இங்கேருந்து யாரும் பதில் குடுக்கல.”

அக்கா அதைப் படிக்கட்டில் நின்று கேட்டாள். இங்கே ஏழு, அங்கே நாலு. ஒரே கம்பியின் இரண்டு முனையில் அப்படி இருக்கவே முடியாது. ஒரே ஒரு விஷயம் இருந்தால் ஒழிய. சீட்டில் எழுதாத அந்தப் பதிமூன்றாவது எண் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மூன்று நாளாக அவள் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஏழு தங்கையுடையதே இல்லை. எக்ஸ்சேஞ்ச் தன் குரலைத் தானே கேட்டுப் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவள் பாவம், நாலில் நின்றிருக்கிறாள். மூன்று நாளா, நாலு வருடமா என்று அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சத்தம் போடாமல் மேலே போய்ச் சொருகியைப் பிடுங்கியிருந்தால் லைன் சரியாகியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. வருந்துகிறோம் இன்னொரு தடவை வருந்தியிருப்பார், விஷயம் அமுங்கியிருக்கும். அக்கா மேலே ஒரு படி ஏறவும் செய்தாள். பிறகு இறங்கி வந்தாள்.

“தப்பு என்னோடது” என்றாள். “நான்தான் லூப் போட்டேன். நாடா கட்டல. எடுக்க மறந்துட்டேன்.”

அந்த மூன்று வாக்கியங்களையும் அவள் வாயால் கேட்ட வருந்துகிறோமுக்குத் தன் பெயரே மறந்திருக்கும். அதிகாரிக்கு லூப் என்றால் என்ன, அதைப் பதிமூன்று கார்டில் போட்டது ஏன் என்றெல்லாம் சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. அப்படியானால் புதன்கிழமை தான் பார்த்த விளக்குகளில் பதிமூன்று பொய்யா என்றார். ஆமாம் என்றாள் அக்கா. பதிமூன்றையும் இன்றைக்கே வெட்டு என்றார்.

“வெட்டிரலாம் சார். முதல்ல எதை?” என்று அக்கா கேட்டாள். எண்கள்தான் அவளுக்குத் தலைகீழாகத் தெரியுமே, யார் யாருடையவை என்று இப்போது வரிசையாகச் சொன்னாள். எலும்புப் படம் எடுக்கும் இடத்திலிருந்து டாக்டருக்குப் படம் அனுப்பும் லைன். தண்ணீர்த் தொட்டியின் அளவு சொல்லும் லைன். மூன்றாவதாகத் தலைமை அலுவலகத்து லிஃப்ட்டுக்குள் இருக்கும் அபாய ஃபோன். “நீங்க தினமும் போற லிஃப்ட் சார். நடுவுல நின்னா அதுலதான் கூப்பிடணும். இதுவரைக்கும் நிக்கல, அதனால அது தூங்குது.”

அதிகாரி சிறிது நேரம் லிஃப்ட்டைப் பற்றி யோசித்தார். திங்கட்கிழமை புதுச் சுற்றறிக்கை வந்தது. தூங்கும் இணைப்புகளைச் செத்தவையாகக் கருதக் கூடாதென்று ஆழ்ந்த ஆய்வுக்குப் பின் கண்டறியப்பட்டதாம். கண்டறிந்தவர் யார் என்பது கீழே கையெழுத்தில் இருந்தது. கூடவே அக்காவுக்கு ஒரு மெமோவும் வந்தது, சிவப்பு நாடா கட்டாததற்கு. விதியை எழுதியவள் மீதே அந்த விதி பாய்ந்தது நியாயம்தான் என்று அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எல்லாரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டாள்.

அதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை அக்கா தங்கையை மேலே கூட்டிக்கொண்டு போனாள். குளிர் அறையில் சொருகியைப் பிடுங்கியதும் பச்சை விளக்கு அணைந்தது. அறை மூலையில் இருந்த இன்னொரு திரையில் மூன்று. நாலு வருடத்தில் மூன்றைப் பார்த்து அக்காவுக்கு இவ்வளவு நிம்மதி வந்ததில்லை. இனி வீட்டுக்குப் போய் மெஷினைப் போடு, எழுந்துவிடும் என்றாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஏழே முக்காலுக்கு நான் பார்த்துக்கொண்டிருப்பேன், செய்திக்குத் தடை வராது என்றும் சொன்னாள்.

தங்கை துணிப்பையின் காதைச் சுருட்டியபடி நின்றாள்.

“ஞாயித்துக்கிழமை எனக்குச் செய்தியே கிடையாது” என்றாள். “நாலு வருஷமாக் கிடையாது. மத்த நாள்லயும் எட்டுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போட்டாப் போதும்.”

அக்காவுக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு, நான் பார்ப்பதை உனக்கு யார் சொன்னது என்று மட்டும் கேட்டாள்.

“மாமாதான். முதல் வாரமே கடையிலேருந்து ஃபோன் பண்ணாரு. உங்கக்கா தினம் காலைல உன் நம்பரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா, எழுந்துக்கற நேரத்தை மாத்தாதேன்னாரு.”

“அவரு இவ்வளவு பேசுவாரா?”

“வாரத்துக்கு ரெண்டு தடவை. நிறுத்தவே முடியாது.”

அக்கா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. கண்ணில் வந்தது. விசிறிகளின் குளிர்க்காற்று என்று சொல்லிப் பார்த்தாள், தங்கை நம்பவில்லை. ஒரு தடவை ஒப்புக்கொண்ட வாய், இன்னொரு தடவை ஒப்புக்கொள்வதில் என்ன வந்துவிடப்போகிறது.

“நீ ரொம்ப நல்லா வாசிக்கற” என்றாள் அக்கா. “அன்னிக்கே நல்லாத்தான் வாசிச்ச.”

தங்கை படி வரை நடந்தாள். முதல் படியில் நின்று திரும்பினாள்.

“லைன்ல இரைச்சல்?”

“இருந்தா இருந்துட்டுப் போகுது” என்றாள் அக்கா.